குழந்தைக்குக் கண்ணாடி தேவையா? சோதித்துப் பார்த்து முடிவு செய்வோம்



ஜி.எஸ்.டி. கணக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமம், தராசு முத்திரை என்று எழுதி வரும் இந்தப் பக்கத்தில் இம்முறை குழந்தைகளின் கண்ணைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். காரணம் உண்டு. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு அடைக்கிற நம் போன்றவர்கள், பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்ப்பதே அரிது. மூட்டையில் கையை விட்டவுடன் பருப்பில் வண்டு விழுந்திருப்பதைச் சொல்லிவிடுகிற நாம், வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கண் சரியாகத் தெரியவில்லை என்பதை வருடக்கணக்கில் அறியாமல் இருக்கிறோம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நாங்கள் விருதுநகரில் பருப்பும் வத்தலும் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கடைக்கு வந்தவர்கள். மருத்துவம் படித்தவர்கள் அல்ல. பேரப் பிள்ளைகள் இருவரைக் கூட்டிக்கொண்டு கண் மருத்துவமனைக்கு நடந்ததில் கண்டதையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறோம். நம் சங்கத்தில் ஒரு வீட்டுக்குப் பயன்பட்டாலும் எழுதியது வீண் இல்லை.

இரண்டு பிள்ளைகள்

இளைய மகனின் பையனுக்கு அப்போது ஐந்து வயது. டி.வி.க்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டு உட்காருவான். பள்ளியில் போர்டைப் பார்த்து எழுதுவதில் தாமதம் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். உடனே மகன் அவனைக் கடைவீதியில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனான். கம்ப்யூட்டரில் கண்ணை வைத்து இரண்டே நிமிடத்தில் ஒரு சீட்டு வந்தது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25. சட்டம் தேர்ந்தெடுத்து, முன்பணமும் கொடுத்து வந்துவிட்டான்.

மருமகள்தான், "மாமா, சின்னப் பிள்ளையா இருக்கான். ஒரு டாக்டர்கிட்டயும் காட்டிட்டுப் போடலாமே" என்றாள். சரியென்று மறு வாரம் மருத்துவமனைக்குக் கிளம்பினோம். துணைக்கு வருகிறேன் என்று மூத்த மகனின் பெண் பிள்ளையும் ஏறிக்கொண்டாள். அவளுக்கு ஆறு வயது. பஸ் போர்டைத் தூரத்திலேயே படிப்பாள்; ஆச்சிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். அவள் கண்ணைப் பற்றி யாருக்கும் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. "வந்தது வந்தாள், இவளையும் பாருங்கள்" என்று சீட்டுப் போட்டோம்.

மாலையில் திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகி இருந்தது. கண்ணாடி வேண்டும் என்று கூட்டிப்போன பையனுக்குக் கண்ணாடி வேண்டாம். துணைக்கு வந்த பெண்ணுக்கு இடது கண்ணில் பார்வை 6/36. அதாவது, மற்றவர்கள் முப்பத்தாறு மீட்டரில் பார்க்கும் எழுத்தை, அந்தக் கண்ணால் பார்க்க அவள் ஆறு மீட்டருக்கு வர வேண்டும். வலது கண் நன்றாக இருந்ததால் அதை வைத்தே எல்லாவற்றையும் சமாளித்து வந்திருக்கிறாள்.

குழந்தையின் கண் பெரியவர் கண் போன்றது அல்ல

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். பிறந்த குழந்தைக்குப் பார்வை முழுதாக வந்துவிடுவதில்லை. கண் படம் பிடித்து அனுப்ப, மூளை அதைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. இந்தப் படிப்பு ஏறக்குறைய ஏழெட்டு வயது வரை நடக்கிறது. இரண்டு கண்ணும் தெளிவான படம் அனுப்பினால் மூளை இரண்டையும் ஏற்கும். ஒரு கண் மங்கலாக அனுப்பினால், அதைத் தள்ளிவிட்டு நல்ல கண்ணை மட்டும் வைத்து வேலையைப் பார்க்கும். தள்ளப்பட்ட கண் பார்க்கவே கற்றுக்கொள்ளாமல் போகிறது. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். கண் வெளியே பார்க்க அழகாகத்தான் இருக்கும். குழந்தையும் ஒன்றும் சொல்லாது. பிறந்தது முதல் அப்படியே பார்த்துப் பழகியதால் அதற்கு வேறு பார்வை தெரியாது.

உரிய வயதில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். வயது ஏற ஏறப் பலன் குறையும். பெரியவர் ஆனபின் எந்தக் கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை கிடைப்பது அரிது. ஆகவே இதில் தள்ளிப்போடுவதுதான் பெரிய நஷ்டம்.

மூன்று வகைக் குறைகள்

கண்ணாடி போட வேண்டிய குறைகள் மூன்று.

கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் தெரியும், தூரத்தில் மங்கும். இதற்குப் போடுவது மைனஸ் கண்ணாடி. பள்ளி வயதில் தொடங்கி, பிள்ளை வளர வளரக் கூடுவது வழக்கம்.

தூரப்பார்வைக்குப் போடுவது பிளஸ் கண்ணாடி. இங்கே ஒரு செய்தியை நன்றாக நினைவில் வையுங்கள். சிறு குழந்தைகளில் பெரும்பாலோர்க்குக் கொஞ்சம் பிளஸ் இருப்பது இயற்கை. கண் இன்னும் சிறிதாக இருப்பதால் அப்படி. ஒன்று, ஒன்றரை என்று இருந்தால் குழந்தையின் கண் தானாகவே அதைச் சமாளித்துக்கொள்ளும். வளர வளரக் குறையும். நமக்கு நாற்பதுக்கு மேல் வருகிற வெள்ளெழுத்துக்கும் பிளஸ் கண்ணாடிதான் என்றாலும், அது வேறு, இது வேறு.

மூன்றாவது, கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இல்லாததால் வருவது. கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்', 'ஆக்சிஸ்' என்று எழுதியிருப்பது இதற்கான அளவு. இதில் கிட்டத்திலும் தூரத்திலும் எழுத்து சாய்ந்து நிழலடித்தாற்போல் தெரியும்.

சொட்டு மருந்து போடாத சோதனை

எங்கள் பையன் விஷயத்தில் நடந்த தவறு இங்கேதான். குழந்தையின் கண்ணுக்குள் இருக்கும் தசை மிகவும் வலுவானது. கிட்டத்தில் எதையாவது பார்த்தால் உடனே இறுகி லென்சைத் தடிக்கச் செய்யும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் படத்தைக் குழந்தை உற்றுப் பார்க்கும்போதும் அந்தத் தசை இறுகிவிடும். அப்போது இயந்திரம் இல்லாத மைனஸைக் காட்டும், அல்லது இருக்கிற பிளஸைக் குறைத்துக் காட்டும். தராசுத் தட்டில் விரலை வைத்துக்கொண்டு எடை பார்ப்பது போலத்தான். தராசின் மேல் குற்றம் இல்லை. விரலை எடுக்காமல் நிறுத்ததுதான் குற்றம்.

விரலை எடுப்பதற்கு வழி, சொட்டு மருந்து. மருத்துவமனையிலேயே சில நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை போடும் மருந்து உண்டு. மிகச் சிறு பிள்ளைகளுக்கும் மாறுகண் உள்ளவர்களுக்கும் அட்ரோபின் மருந்தை வீட்டிலேயே மூன்று நாள் போட்டு வரச் சொல்வதும் உண்டு. மருந்து ஏறியதும் கண்மணி விரிந்து, தசை ஓய்ந்துவிடும். பிறகு மருத்துவர் கையில் ஒரு சிறு விளக்கை வைத்துக் கண்ணுக்குள் ஒளியை அசைத்துப் பார்த்து, முன்னால் லென்சுகளை மாற்றி மாற்றிப் பிடித்து அளவு எடுக்கிறார். இதற்குக் குழந்தை வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, "பேசத் தெரியாத பிள்ளைக்கு எப்படிக் கண் சோதிப்பது?" என்று கேட்பது தேவையற்றது. கைக்குழந்தைக்கும் சோதிக்கலாம்.

மருந்து போட்டபின் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கும். மருத்துவமனையில் போடும் மருந்து ஒரு நாளில் தெளிந்துவிடும். அட்ரோபின் என்றால் ஒரு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். பரீட்சை நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். அட்ரோபின் போடும்போது கண்ணின் உள்மூலையை, மூக்கின் ஓரமாகச் சிறிது நேரம் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள். முகம் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் வறண்டாலோ மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பாட்டிலை மற்றப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

மருந்து போட்டுப் பார்த்ததில் எங்கள் பையனுக்கு மைனஸே இல்லை. பிளஸ் முக்கால்தான் இருந்தது; அந்த வயதுக்கு அது இயல்பு. டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்தது பழக்கதோஷம். போர்டில் எழுதத் தாமதமானது, பக்கத்துப் பையனோடு பேசிக்கொண்டிருந்ததால். கண்ணாடிக் கடைக்குக் கொடுத்த முன்பணம் போனது. போகட்டும், பிள்ளை முகத்தில் வேண்டாத கண்ணாடி ஏறவில்லை.

எந்த அளவுக்குக் கண்ணாடி?

சீட்டில் ஏதோ ஓர் எண் இருப்பதாலேயே கண்ணாடி போட வேண்டியதில்லை. குழந்தையின் வயது, எண்ணின் அளவு, இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசம், மாறுகண் இருக்கிறதா என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இரண்டு கண்ணும் சமமாக இருந்து, மாறுகண்ணும் இல்லாத மூன்று வயதுப் பிள்ளைக்கு, பிளஸ் மூன்றரை அளவில் இருந்தால்தான் கண்ணாடி என்பது அமெரிக்கக் கண் மருத்துவர்கள் வைத்திருக்கும் வழிகாட்டி. அதைவிடச் சிறிய குழந்தைக்கு இன்னும் அதிகம் இருந்தாலும் பொறுத்துப் பார்ப்பார்கள். ஆனால் கண் உள்பக்கம் திரும்பும் மாறுகண் இருந்தால், குறைந்த பிளஸுக்கும் கண்ணாடி உண்டு. சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி போட்டதுமே மாறுகண் நேராகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் பேத்திக்கு வலது கண் பிளஸ் ஒன்று. இடது கண் பிளஸ் நாலரை. அந்த வித்தியாசம்தான் இடது கண்ணைச் சோம்பேறியாக்கியது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கீழ்க்கண்ட எதையாவது பார்த்தால் தாமதம் வேண்டாம்.

1. கண்மணிக்குள் வெள்ளையாகத் தெரிவது, அல்லது போட்டோ எடுக்கும்போது ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுவது. இது கண்புரையாக இருக்கலாம். விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அன்றே கிளம்ப வேண்டும்.

2. நான்கு மாதத்துக்கு மேல் ஆன குழந்தைக்கு ஒரு கண் திரும்புவது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அதை நம்பிக் காத்திருந்து பார்வையைத் தொலைத்தவர்கள் உண்டு.

3. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தோ திருப்பியோ பார்ப்பது. வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்வது.

4. தூரத்தைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவது. புத்தகத்தை முகத்தோடு வைத்துப் படிப்பது. அடிக்கடி கண்ணைக் கசக்குவது.

5. ஒரு கண்ணை மறைத்தால் பேசாமல் இருப்பதும், மற்றக் கண்ணை மறைத்தால் அழுது கையைத் தட்டிவிடுவதும்.

இந்த ஐந்தாவதை எழுதும்போது மனம் வருந்துகிறது. எங்கள் பேத்தியைக் குளிப்பாட்டும்போது வலது கண்ணில் துண்டு பட்டால் அலறுவாள். கண்ணாமூச்சி ஆட்டத்துக்கு அவள் வருவதே இல்லை. பிடிவாதக்காரி என்று நாங்களே அதட்டியிருக்கிறோம். அவளுக்கு இருந்த ஒரே நல்ல கண்ணை நாம் மூடுகிறோம் என்று அவள் அழுதது எங்களுக்கு அப்போது புரியவில்லை.

விளையாட்டாக வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில், ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, பத்தடி தூரத்தில் காலண்டர் எழுத்தையோ படத்தையோ காட்டிக் கேட்க வேண்டும். பிறகு மற்றக் கண். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வித்தியாசம் தெரியவில்லை என்பதற்காகக் குறை இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. ஒரு குறையும் தெரியாவிட்டாலும் பள்ளியில் சேர்க்கும் முன், மூன்று நான்கு வயதில் ஒரு முறை முழுச் சோதனை செய்துவிட வேண்டும். பெற்றோருக்குச் சிறு வயதிலேயே கண்ணாடியோ மாறுகண்ணோ இருந்தால் இன்னும் முன்பாகவே காட்ட வேண்டும். குறைமாதத்தில் அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்க்க வேண்டும். இதில் ஒரு வாரம் தவறினாலும் பார்வையே போகக்கூடும்.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வைக்காமல் நாம் வியாபாரம் செய்வதில்லை. கண்ணாடி போட்ட பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது, சின்னப் பிள்ளைக்கு மருத்துவர் சொல்லும் தவணையிலும், அளவு பார்த்தாக வேண்டும்.

மறைப்புக் கட்டு

பேத்திக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு இந்த வயசிலேயே கண்ணாடியா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன சொல்வான்?" என்று ஆச்சி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "கண்ணாடி போட்ட பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிடலாம், ஒரு கண் தெரியாத பெண்ணாக ஆக்கிவிடலாமா?" என்று கேட்டபிறகுதான் அடங்கினாள். இந்தப் பயத்தால் பெண் பிள்ளைகளின் கண்ணாடியைப் பெட்டியில் பூட்டி வைக்கிற வீடுகள் நம் ஊர்களில் இன்னும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

கண்ணாடி போட்டுச் சில வாரம் கழித்துப் பார்த்தார்கள். கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. அதன்பின் நல்ல கண்ணை நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடச் சொன்னார்கள். நல்ல கண்ணை மூடினால்தான் மற்றது வேலை செய்யக் கற்றுக்கொள்ளும். நாள் முழுதும் மூட வேண்டாமா என்று கேட்டோம். நடுத்தரமான குறைக்கு இரண்டு மணி நேரம் மூடுவதும் ஆறு மணி நேரம் மூடுவதும் ஒரே பலனைத் தந்ததாக 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வைச் சொன்னார்கள். குறை அதிகமானால் நேரம் கூடும். மருத்துவர் சொன்னதைவிட அதிகம் மூடினால் நல்ல கண் கெடவும் வாய்ப்பு உண்டு. நாமாகக் கூட்டக் கூடாது.

முதல் மாதம் பெரும்பாடு. அழுவாள், பிய்த்து எறிவாள். கடைசியில் சாயங்காலம் கடைக்குக் கூட்டி வந்து, ஒட்டைப் போட்டுவிட்டு, தட்டில் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொன்னோம். கூலி ஒரு கடலை மிட்டாய். கிட்டத்து வேலை செய்தால் நல்லது என்று மருத்துவரும் சொன்னார். ஒரு வருடம் ஆனது. இடது கண் 6/36-லிருந்து 6/9-க்கு வந்தது. முழுதாக வரவில்லை, இன்னும் கண்ணாடி போடுகிறாள். மூன்று வயதில் காட்டியிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கலாம் என்றார்கள்.

கண்ணாடி வாங்கும்போது

குழந்தைக்குக் கண்ணாடிச் சில்லு வேண்டாம். உடையாத பாலிகார்பனேட் லென்சு கேளுங்கள். வளர்ந்த பிறகும் ஆகும் என்று பெரிய சட்டமாக வாங்குவது தவறு. மூக்கிலிருந்து வழுக்கினால் பிள்ளை மேலே கண்ணை விட்டுப் பார்க்கும். போட்டும் பலன் இல்லை. சின்னப் பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால் பட்டை வைத்துக் கட்டலாம். வாங்கிய கண்ணாடியை மருத்துவமனையில் ஒரு முறை காட்டி, எழுதிக் கொடுத்த அளவுதானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாம் பில்லையும் சரக்கையும் ஒத்துப் பார்க்காமல் இறக்குகிறோமா?

சில தவறான எண்ணங்கள்

கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்பது தவறு. ஏறுவது பிள்ளை வளர்வதால். பவரைக் குறைத்துப் போட்டால் ஏறாது என்பதும் தவறு.

காரட்டும் முருங்கைக்கீரையும் கண்ணுக்கு நல்லவைதான். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணைத் தடுக்கும். ஆனால் மைனஸையோ பிளஸையோ அவை குறைக்காது. இதை விற்கிற நாமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடக் கூடாது.

கிட்டப்பார்வை வராமல் தடுக்க உண்மையில் உதவுவது வெளியில் விளையாடுவது. சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் நாற்பது நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில், வெளியில் விட்ட பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கும் கிட்டப்பார்வை வந்தது. 2015-இல் வெளியான ஆய்வு இது. கடையில் பிள்ளை அழாமலிருக்க நாம் கையில் கொடுக்கிற செல்போனை வாங்கி வைத்துவிட்டு, வெளியே விளையாட விடுவோம். செலவில்லாத வைத்தியம்.

எங்கே காட்டுவது?

நம் மாநிலத்துக்கு இதில் குறையில்லை. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் அறிந்தது. சென்னை சங்கர நேத்ராலயா 1978 முதல் நடக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உண்டு. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. நம் கடைப் பையன்கள், சுமைதூக்கும் தொழிலாளர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு அரை நாள் விடுப்புக் கொடுத்து அனுப்புவதும் நம் கடமையே.

எங்கே போனாலும் ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "சொட்டு மருந்து போட்டுப் பார்த்தீர்களா?" போடவில்லை என்றால், அந்தச் சீட்டை வைத்துச் சிறு குழந்தைக்குக் கண்ணாடி வாங்காதீர்கள். குறை இல்லை என்று சொல்லியிருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள்.

சரக்கு போனால் மறு வாரம் லாரி வரும். கடன் போனால் இன்னொரு தீபாவளியில் ஈடுகட்டலாம். பிள்ளையின் கண்ணுக்கு ஏழெட்டு வயது வரைதான் தவணை. அடுத்த வார விடுமுறை நாளில் கடையை ஒரு வேளை அடைத்துவிட்டு, வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை போய் வாருங்கள் என்பதே வணிகப் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள்.